குறை தகட்டிலா, பாட்டிலா?

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். ஒயாசிஸ் குழு 1995-இல் வெளியிட்ட 'வாட்ஸ் த ஸ்டோரி மார்னிங் குளோரி' ஆல்பத்தின் பழைய குறுந்தகட்டை, 'புதியது போன்றது' என்ற விளம்பரத்தை நம்பி இணையக் கடையொன்றில் சென்ற வாரம் வாங்கினேன். ஒலி காதைக் குத்துகிறது. ஒரு பாட்டு நடுவில் துள்ளுகிறது. பெயரே இல்லாத இரண்டு தடங்கள் வேறு இருக்கின்றன. பயன்படுத்திய பொருளுக்குப் பணம் திரும்பாது என்கிறார் கடைக்காரர். என்ன செய்யலாம்? பேசாமல் முதல் பதிப்பு இசைத்தட்டையே வாங்கிவிடலாமா?

பதில்: நீங்கள் சொல்லும் மூன்றில் ஒன்றுக்குத்தான் கடைக்காரர் பொறுப்பு. 6, 11ஆம் தடங்களில் பெயரின்றி வரும் சிறு இசைத்துண்டுகள் ஆல்பத்திலேயே உள்ளவை. காதைக் குத்தும் ஒலியும் அப்படித்தான். வேல்ஸ் நாட்டு ராக்ஃபீல்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் குழுவின் கிதார் கலைஞர் நோயல் கல்லஹருடன் சேர்ந்து இதைத் தயாரித்த ஓவன் மோரிஸ், மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையிலான வேறுபாட்டை வேண்டுமென்றே நெருக்கி, எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றினார். உறைப்படத்தில், லண்டன் பெர்விக் தெருவின் இடப்புற நடைபாதையில், மூல ஒலிநாடாவால் முகத்தை மறைத்து நிற்பவர் அவரே. மூன்று தகடுகளாக வந்த 2014 மறுபதிப்பில் 'அக்குயெஸ்', 'த மாஸ்டர்பிளான்' போன்ற நல்ல பாடல்கள் கூடுதலாகக் கிடைக்கும் என்றாலும், இந்த இரைச்சலிலிருந்து தப்பிக்க மட்டும் அதை வாங்க வேண்டாம்.

துள்ளல் வேறு விஷயம். வேறொரு கருவியிலும் அதே பாட்டின் அதே நொடியில் துள்ளினால் பழுது தகட்டில்தான். தகட்டை விளக்குக்கு நேரே பிடித்து, பெயர் அச்சிட்ட பக்கத்தைப் பாருங்கள். ஒளியைத் திருப்பும் மெல்லிய படலம் அந்த அச்சுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. அங்கே ஊசித்துளை போல வெளிச்சம் கசிந்தால் மெருகேற்றிச் சரிசெய்ய வழியில்லை.

பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைகள் சட்டம் பழைய பொருளுக்கும் பொருந்தும். வணிகர் ஒருவர் 'புதியது போன்றது' என்று சொல்லி விற்றது அப்படி இல்லையென்றால், 30 நாட்களுக்குள் அதை மறுத்து முழுத் தொகையையும் கேட்கலாம். துள்ளும் இடத்தின் நிமிடம், நொடி, தகட்டின் படம், விளம்பர வாசகம் ஆகியவற்றுடன் இன்றே எழுத்தில் தெரிவியுங்கள். இணையத்தில் வாங்கியதற்கு 14 நாள் ரத்து உரிமையும் தனியே உண்டு; முத்திரையிட்டு வந்த ஒலித்தகட்டைப் பிரித்துவிட்டால் அது மட்டும் போய்விடும், பழுதுக்கான உரிமை போகாது. விற்றவர் வணிகர் அல்லாத தனிநபர் என்றால், அவர் எழுதிய வர்ணனை ஒன்றே உங்கள் பிடி.

முதல் பதிப்பு இசைத்தட்டில் குறுந்தகட்டில் இல்லாத 'போன்ஹெட்ஸ் பேங்க் ஹாலிடே' பாட்டு உண்டு. அந்த ஒரு பாட்டுக்காகவோ, பெரிய உறையைக் கையில் ஏந்தும் ஆசைக்காகவோ வாங்குவதானால் வாங்குங்கள்; ஆனால் கடையில் ஓட்டிக் கேட்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.