நீலப் பம்ப் கணக்கு

கேள்வி: எனக்குப் பத்து வருசமாக முட்டு (ஆஸ்துமா). உப்புவெளியில் வீட்டிலிருந்து தையல் வேலை. கணவர் ஓட்டோ ஓட்டுகிறார். தனியார் டொக்டரைப் பார்க்கும் சனல் காசோடு சேர்த்து மருந்துக்கு மாதம் 11,000 ரூபாய் போகிறது. செலவைக் குறைக்க இரண்டு மாதமாக, மூச்சோடு இழுக்கும் கபில நிறப் பம்ப் வாங்கவில்லை. நீலப் பம்ப் மாதம் ஒன்று முடிகிறது. போன மாதம் இரவில் மூச்சு முட்டி, தனியார் வைத்தியசாலையில் நிற்க வேண்டி வந்து, சங்கிலியை 40,000க்கு அடகு வைத்தோம். மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுக்கலாமா?

பதில்: இன்சூரன்ஸைப் பிறகு பார்ப்போம். நீங்கள் அனுப்பிய பாமசி பில்லைத்தான் நான் இரண்டு தரம் வாசித்தேன். நான் வைத்தியன் இல்லை, ஆனால் செலவில் எதை வெட்டக் கூடாதோ அதையே வெட்டியிருக்கிறீர்கள் என்பது பில்லிலேயே தெரிகிறது.

நீலம், அதாவது சல்பியூட்டமோல், அந்த நேரத்து இறுக்கத்தைத்தான் தளர்த்தும். மூச்சுக்குழாய் வீக்கத்தை அடக்குவது கபில நிறப் பம்பில் உள்ள ஸ்டீரொய்ட். பெரியவர்களுக்கு நீலத்தை மட்டும் கொடுத்து வைத்தியம் செய்ய வேண்டாம் என்று உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா 2019இலேயே சொல்லிவிட்டது. நீலம் வருசத்துக்கு 3 அல்லது அதற்கு மேல் முடிந்தாலே கடும் முட்டு வரும் ஆபத்து கூடுகிறது. 12ஐத் தொட்டால் உயிராபத்தும் கூடுகிறது. ஒரு பம்பில் 200 தடவை. மாதம் ஒன்று என்றால் நாளுக்கு ஆறேழு தடவை இழுக்கிறீர்கள். அந்த 40,000 ரூபாயை கபிலத்தில் மிச்சம் பிடித்த காசுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

பில்லில் மிச்சம் இருப்பவை: அன்டிபயோட்டிக், இருமல் பாணி, சல்பியூட்டமோல் குளிசை, மொன்டிலுகாஸ்ட், விற்றமின். கிருமித் தொற்று இல்லாத முட்டுக்கு அன்டிபயோட்டிக் வழக்கமாகத் தேவையில்லை. பம்ப் இருக்கும்போது சல்பியூட்டமோல் குளிசையை வழிகாட்டிகள் விரும்புவதில்லை. நடுக்கமும் படபடப்பும் அதில் அதிகம். மொன்டிலுகாஸ்ட் சிலருக்குத் தேவைப்படும், ஆனால் ஸ்டீரொய்ட் பம்புக்கு ஈடாகாது. டொக்டரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. சனலில் வரிசை வெளியே நிற்கிறது, உள்ளே போகிற நாமும் “இண்டைக்கே சுகமாக வேணும்” என்றுதான் கேட்கிறோம். நீங்களாக எதையும் நிறுத்தாமல், பில்லை மேசையில் வைத்து, “டொக்டர், இதில் எது கட்டாயம்? நீலமும் கபிலமும் சேர்ந்த மாதிரி ஒரே பம்ப் எனக்குச் சரிவருமா?” என்று கேளுங்கள். பம்ப் பிடிக்கும் விதத்தையும் அவர் முன்னால் செய்து காட்டுங்கள். பிழையாக இழுத்தால் மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும், காசும் அதோடு சரி.

அடுத்தது, திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் கிளினிக் கொப்பி போடுங்கள். ஒரு காலை நேரத் தையல் கூலி போகும், உண்மைதான். ஆனால் மருந்து இலவசம். இல்லாத மருந்தை வெளியே வாங்க எழுதித் தந்தால், மருந்தின் பொதுப் பெயரைச் சொல்லி அரச மருந்துக்கடையான ஒசுசலவில் விலை கேட்டுவிட்டு மற்றக் கடைக்குப் போங்கள். ஒசுசலவை நடத்தும் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தைப் பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் தொடங்கியதே மருந்தைப் பொதுப் பெயரில் மலிவாக வாங்கத்தான்.

மிஞ்சும் காசு முதலில் சங்கிலிக்கு. அடகு வட்டி ஓடும்போது புதுச் சீட்டுப் பிடிக்க வேண்டாம்.

இனி இன்சூரன்ஸ். ஏற்கெனவே இருக்கும் வருத்தத்துக்குப் பல திட்டங்கள் காசு தருவதில்லை, அல்லது காத்திருக்கச் சொல்லும். முட்டுக்காக மட்டும் என்றால் இப்போது வேண்டாம். குடும்பத்துக்காக எடுத்தால் விண்ணப்பத்தில் முட்டு வருத்தத்தை மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால், காலை உடைத்துக்கொண்டு கேட்கிற காசையும் அவர்கள் மறுக்கப் பார்ப்பார்கள்.