சிறு விமானங்களும் கட்டுப்பாட்டு வான்வெளியும்: கேள்வி பதில்

கேள்வி: பெரிய விமான நிலையத்தைச் சுற்றி மைல் கணக்கில் வான்வெளியை வளைத்துப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு இடம் எதற்கு சார்?

பதில்: பல இடங்களில் அவ்வளவு தேவையில்லை. கட்டுப்பாட்டு வான்வெளி என்றால் தரைக் கட்டுப்பாட்டு நிலையத்தின் பொறுப்பில் உள்ள வான்பகுதி. இறங்கும் விமானம் வழக்கமாக 3 டிகிரி சரிவில் வரும். ஒரு கடல் மைலுக்குச் சுமார் 300 அடி இறக்கம். அப்படியானால் ரன்வேக்கு 10 கடல் மைல் முன்னால் அது நிலைய மட்டத்திலிருந்து 3,000 அடி உயரத்தை ஒட்டி இருக்கும். அங்கே கட்டுப்பாட்டு வான்வெளியின் அடித்தளத்தை, அதாவது அது தொடங்கும் உயரத்தை, 1,500 அடியில் வைத்தால் பாதிக்குப் பாதி வீண். பாதுகாப்புக்கு 500 அடி விட்டாலும் 2,500 அடிவரை சிறு விமானம் ஓட்டும் நமக்குத் தரலாம். "முன்கூட்டியே தாழ்த்தி, சமமட்டமாகக் கொண்டுவந்து சரிவில் சேர்க்கிறோமே" என்பார்கள் கட்டுப்பாட்டு அதிகாரிகள். அந்த நடைமுறையைத்தான் முதலில் மாற்ற வேண்டும். இடைநிற்காமல் தொடர்ந்து இறங்கினால் எரிபொருளும் மிச்சம், கீழே சத்தமும் குறைவு.

கேள்வி: இப்போதுள்ள அடித்தளத்துக்குக் கீழேயே பறந்துவிட்டுப் போனால் என்ன?

பதில்: எஞ்சின் நின்றால் தெரியும். செஸ்னா 172 போன்ற சிறு விமானம் ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் ஒன்றரை கடல் மைல்தான் சறுக்கும். 1,500 அடியில் இருந்தால் இரண்டு மைல் சொச்சத்துக்குள் ஒரு வயல் கிடைத்தாக வேண்டும். அதோடு, சுற்றுவட்டாரத்தில் பறக்கும் எல்லாரும் அதே இடுக்கில்தான் நெருக்கியடிப்பார்கள்.

கேள்வி: கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் போக ரேடியோவில் அனுமதி கேட்டேன், 'ஸ்டாண்ட்பை' (காத்திருங்கள்) என்றார்கள். எல்லை இரண்டு மைலில். நுழையலாமா?

பதில்: கூடாது, வெளியிலேயே வட்டமடியுங்கள். கட்டுப்பாட்டு வான்வெளியை ஏ, பி, சி, டி என்று வகுப்பு பிரித்திருக்கிறார்கள்; ஏ-யில் கெடுபிடி அதிகம், போகப் போகக் குறையும். பொது விதிப்படி டி வகுப்பு வான்வெளிக்குக்கூட க்ளியரன்ஸ், அதாவது நுழைய அனுமதி, வேண்டும். ஸ்டாண்ட்பை என்பது க்ளியரன்ஸ் இல்லை. அமெரிக்காவில் மட்டும் கதை வேறு: டி வகுப்பில் கட்டுப்பாட்டு அதிகாரியான கன்ட்ரோலர் உங்கள் விமானத்தின் அழைப்புப் பெயரை (கால்சைன்) சொல்லி ஸ்டாண்ட்பை என்றாலே தொடர்பு ஏற்பட்டதாகக் கணக்கு, நுழையலாம். அங்கேயும் பி வகுப்பு என்றால் தெளிவான க்ளியரன்ஸ் காதில் விழ வேண்டும். எதற்கும் பத்து நிமிடம் முன்பே அழையுங்கள், சுற்றிப் போகும் பாதையையும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கேட்காமலே கடக்க வழி செய்ய முடியாதா?

பதில்: முடியும், லாஸ் ஏஞ்சலஸில் செய்திருக்கிறார்கள். அந்த நகர வட்டாரத்தில் 1986 ஆகஸ்ட் 31 அன்று, அனுமதியில்லாமல் கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் நுழைந்துவிட்ட பைப்பர் சிறு விமானம் ஒன்று செரிடோஸ் பகுதிக்கு மேலே ஏரோமெக்சிகோ நிறுவனத்தின் டிசி-9 பயணிகள் விமானத்தின் மீது மோதி 82 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில், பெரிய விமான நிலையத்தின் தலைக்கு மேலேயே இன்று சிறு விமானங்களுக்கு ஒரு பாதை இருக்கிறது. தென்கிழக்கே போனால் 3,500 அடி, வடமேற்கே போனால் 4,500 அடி. ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவியான டிரான்ஸ்பாண்டரில் 1201 என்ற குறியீடு வைக்க வேண்டும், விளக்குகள் எரிய வேண்டும், வேகம் மணிக்கு 140 கடல் மைலுக்குள். யாரிடமும் க்ளியரன்ஸ் கேட்க வேண்டாம்.

ரன்வேக்கு நேர் மேலே குறுக்காகப் போவது கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் ஏறும், இறங்கும் விமானங்கள் அந்த இடத்தில் தாழ்வாக இருக்கும் என்பதால் உண்மையில் அதுவே வசதியான இடம். கன்ட்ரோலருக்கும் பேச்சு மிச்சம். வான்வெளி வரைபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய உதாரணம் என்று இதைத்தான் சொல்வேன்.

கேள்வி: எல்லை மீறல் எல்லாம் விமானியின் அலட்சியம்தானே?

பதில்: அப்படி ஒரே போடாகப் போடாதீர்கள். காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் ஆல்டிமீட்டரில் அழுத்தத்தை 10 ஹெக்டோபாஸ்கல் (அழுத்த அலகு) தவறாக வைத்தால் கிட்டத்தட்ட 300 அடி பிசகும். அது விமானி தவறு, சரி. ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்தால் எந்த அடையாளமும் இல்லாத வயற்காட்டுக்கு நடுவே வில்போல ஒரு கோட்டைப் போட்டு, ஐந்து மைலுக்கொரு முறை அடித்தளத்தை மாற்றினால் யாருக்குத்தான் பிசகாது? நெடுஞ்சாலை, ஆறு, ரயில்பாதை இவற்றை ஒட்டி எல்லை போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அதுவரை பிரிட்டனில் சொல்லும் வழக்கம் நல்லது: எல்லையிலிருந்து பக்கவாட்டில் 2 கடல் மைல், உயரத்தில் 200 அடி தள்ளியே பறப்பது.

கேள்வி: எல்லாருக்கும் டிரான்ஸ்பாண்டர் கட்டாயம் என்று வைத்துவிட்டால்?

பதில்: நெரிசலான இடத்தில் சரி. ஐரோப்பாவில் அப்படித் தனி மண்டலங்கள் இருக்கின்றன. க்ளியரன்ஸ் இல்லாமலே உள்ளே போகலாம். எஞ்சின் இல்லாமல் சறுக்கிப் பறக்கும் கிளைடர்களில் கருவிகள் பேட்டரியில்தான் ஓடும்; அவற்றுக்கு மட்டும் வேறு ஏற்பாடு வேண்டும்.

கேள்வி: எங்கள் பகுதியில் புதிய வான்வெளிக்குக் கருத்துக் கேட்கிறார்கள். என்ன எழுதலாம்?

பதில்: 'எங்கள் சுதந்திரம்' என்று ஆரம்பிக்காதீர்கள், படிக்க மாட்டார்கள். உங்கள் கிளப் விமானங்களின் ஜிபிஎஸ் தடங்களைச் சேர்த்து அனுப்புங்கள். எந்த இடத்தில் அடித்தளம் எத்தனை அடி உயர வேண்டும் என்று மேலே சொன்ன சரிவுக் கணக்கோடு எழுதுங்கள்.