கேளுங்க சொல்றோம்: பனிக்காலத்துல காலியாகுற சமரினா

கேள்வி: கிரீஸ்ல சமரினானு ஒரு மலை ஊரு, ஆகஸ்ட் போட்டோல ஜனக்கூட்டம், குளிர்கால போட்டோல எல்லா வீடும் பூட்டிக்கெடக்கு. ஏன்? அங்க இருக்குற விளாக் ஜனங்க ருமேனியாக்காரங்களா? (வாசகர், திருச்சி)

பதில்: ரெண்டாவதை முதல்ல சொல்லிடறேன். இல்லைங்க. அவங்க பேசுற ஆருமேனியன் லத்தீன்ல இருந்து வந்தது, ருமேனிய மொழிக்கு நெருங்கின சொந்தம், அவ்வளவுதான். பெரும்பாலானவங்க தங்களை கிரேக்கர்னுதான் சொல்லுவாங்க. 19ம் நூற்றாண்டு கடைசில ருமேனியா இந்த மாதிரி ஊர்கள்ல பள்ளிக்கூடம் நடத்தினதுல ஊருக்குள்ளயே ரெண்டு கட்சி ஆகி பெரிய பகையெல்லாம் ஆச்சு, அதனால அங்க போனா இந்தக் கேள்வியைப் பார்த்துக் கேளுங்க.

ஊர் காலியாகறதுக்கு காரணம் ஆடுங்க. ஸ்மோலிகாஸ் மலைச்சரிவுல 1,400 மீட்டருக்கு மேல இருக்கு சமரினா, பனி விழுந்தா புல்லே கிடையாது, அதனால அந்தக் காலத்துல அக்டோபர் கடைசில புனித டிமிட்ரியோஸ் திருநாளை ஒட்டி மந்தை, கோவேறு கழுதை, குழந்தைகுட்டி எல்லாத்தோடவும் தெசாலி சமவெளிக்கு இறங்கிடுவாங்க, வசந்தத்துல புனித ஜார்ஜ் திருநாளுக்கு அப்புறம் திரும்ப மேல ஏறுவாங்க. 1881ல தெசாலி கிரீஸுக்குப் போயிடுச்சு, சமரினா 1912 வரைக்கும் ஒட்டோமான் துருக்கி கையில. யோசிச்சுப் பாருங்க, அப்ப சொந்த வீட்டுக்குப் போகவே வருஷா வருஷம் ரெண்டு நாட்டு எல்லையைத் தாண்ட வேண்டியிருந்துச்சு! இப்ப ஆடுங்க லாரில வருது, நிறைய குடும்பம் கீழ தெசாலி ஊருங்களான லாரிசா, திரிகலாலயே தங்கிட்டாங்க, ஆனா கோடைக்கு ஊர் வீட்டைத் திறக்காம இருக்க மாட்டாங்க.

கேள்வி: அந்த மொழி பிழைக்குமா? (வாசகி, ஈரோடு)

பதில்: கஷ்டம்தாங்க. பள்ளிக்கூடத்துல கிரேக்கம்தான், ஆருமேனியன் பாட்டி தாத்தா வாய்லதான் இருக்கு. 1997ல ஐரோப்பிய கவுன்சில் இதைக் காப்பாத்தணும்னு பரிந்துரை பண்ணுச்சு, 2019ல யுனெஸ்கோ மந்தையோட இடம்பெயர்ற வழக்கத்தை மரபுப் பட்டியல்ல சேர்த்துச்சு, ரெண்டுமே நல்ல விஷயம்தான், ஆனா வீட்டுல பேச வைக்கறதுக்கு அதெல்லாம் போதாதுங்கறது என் கருத்து. ஆகஸ்ட் 15 மாதா திருவிழாவை ஒட்டி போனீங்கன்னா, பெரிய பனாயியா (மாதா) தேவாலய முற்றத்துல வாத்தியமே இல்லாம வாய்ப்பாட்டா பாடி, கை கோர்த்து வட்டமா 'சியாட்சோஸ்' ஆடுவாங்க, கண்டிப்பா பாருங்க. அப்படியே தேவாலயத்துக்குப் பின்பக்கம் போய் மேல பாருங்க, கூரை மேலயே ஒரு பைன் மரம் நிக்கும், உள்ள தேடினா வேர் தெரியாது. பக்கத்து நகரம் கிரெவெனால இருந்து சமரினாவுக்கு ரோடு இருக்கு.