மூன்றாவது டியூஷன் வேண்டாம், பழைய விடைத்தாளை எடுங்கள்

"வகுப்பில் கணக்கு புரிகிறது என்கிறாள் மகள், தேர்வில் தப்பாகிறது. அவள் சித்தப்பா பொறியியல் நுழைவுத்தேர்வு வகுப்பில் சேர்க்கச் சொல்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். கவலை நியாயம்தான். ஆனால் அந்த வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே இரண்டு இடத்துக்குப் போகிறாள். எந்த வரியில் சறுக்குகிறாள் என்று எங்கேயும் யாரும் பார்க்கவில்லை. மூன்றாவது இடத்தில் பாடம் இன்னும் வேகமாக ஓடும், அவ்வளவுதான்.

அவளுடைய பழைய விடைத்தாள்களிலிருந்து தப்பான 20 இயற்கணிதக் கணக்குகளை எடுங்கள். திரும்பப் போடச் சொல்ல வேண்டாம். ஒவ்வொன்றிலும் முதல் தப்பு வரியை அவளே வட்டமிட்டு, காரணத்தை ஒரே வாக்கியத்தில் ஒரு நோட்டில் எழுதட்டும். அதே மூன்று நான்கு காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வரும்.

√(க + 7) = க − 5 என்ற சமன்பாட்டைப் பாருங்கள். இருபுறமும் வர்க்கப்படுத்தினால் க + 7 = க² − 10க + 25. (நடு உறுப்பை விழுங்கிவிட்டு க² + 25 என்று எழுதுபவர்கள் ஏராளம்.) ஒரு பக்கமாகக் கொண்டுவந்தால் க² − 11க + 18 = 0, அதாவது (க − 9)(க − 2) = 0. "9, 2" என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடுவது அடுத்த தப்பு. 2-ஐ முதல் வரியில் போட்டால் இடப்பக்கம் 3, வலப்பக்கம் −3. வர்க்கப்படுத்தும்போது குறி அழிந்ததால் உள்ளே நுழைந்த போலித் தீர்வு அது. விடை 9 மட்டுமே. க² = 5க என்பதில் நேர்மாறு: க-வால் வகுத்த கையோடு 0 என்ற தீர்வு தொலைந்துபோகும்.

சார்புகளில் (ஓர் எண்ணைக் கொடுத்தால் ஒரு விதிப்படி இன்னோர் எண்ணைத் தருபவை) சறுக்கல் வேறு. க-வைக் கொடுத்தால் 2க² − 3க தரும் சார்பில் (க + 2)-ஐக் கொடுத்தால் என்ன வரும்? பலர் கடைசியில் 2 கூட்டி 2க² − 3க + 2 என்பார்கள். க இருந்த ஒவ்வோர் இடத்திலும் அடைப்புக்குறியோடு போட வேண்டும்: 2(க + 2)² − 3(க + 2) = 2க² + 5க + 2. சரிபார்க்க க = 1 என்று வையுங்கள். சார்பில் 3-ஐப் போட்டால் 18 − 9 = 9; சரியான விடையும் 9 தருகிறது, தப்பான விடை 1 தருகிறது.

தினம் அரை மணி நேரம், மூன்றே கணக்கு. கடைசி வரி எப்போதும் பிரதியிட்டுச் சரிபார்ப்பது. அது இல்லாத கணக்கு முடிந்த கணக்கு அல்ல.

அவளுக்கு உயிரியல் பிடிக்கும் என்பதைக் கடிதத்தின் கடைசியில் ஓரமாக எழுதியிருக்கிறீர்கள். முதல் வரியில் வந்திருக்க வேண்டியது அது. அதில் பேரம் வேண்டாம். சித்தப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அவளைச் சொல்லவைக்காதீர்கள். கிருமி பெருகுவதும் இரத்தத்தில் மருந்து குறைவதும் சார்புகள்தான் என்பதால் இந்த அரை மணி நேரம் அங்கேயும் வீண் போகாது.

ஒரு மாதம் கழித்தும் அதே காரணம் நோட்டில் வந்தால், அந்த ஒரு காரணத்துக்கு மட்டும் ஓர் ஆசிரியரிடம் தனியாக உட்காரவையுங்கள். நோட்டைக் கொடுத்தனுப்ப மறக்காதீர்கள்.