பட்டுத்தாள் ஏன் பிரிந்து போகிறது?

கேள்வி: நான் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படித்தவள். இப்போது பட்டு நாரில் படங்கள் செய்கிறேன். பட்டுக்கூடுகளைச் சலவைச் சோடாவில் நன்றாக அவித்து, நாரைப் பிரித்து, தாள் மாதிரிப் பரப்பிக் காயவைத்தால் கையில் எடுக்கும்போதே பிரிந்து போகிறது. வீட்டிலோ "படிச்சதெல்லாம் வீணாப் போச்சு" என்கிறார்கள். என்ன செய்யட்டும்?
– வாசகி, கல்லடி, மட்டக்களப்பு

பதில்: முதலில் தாளைப் பார்ப்போம் தங்கச்சி, வீட்டாரை அப்புறம் பார்க்கலாம். பட்டு இழையில் இரண்டு புரதங்கள் இருக்கின்றன. உள்ளே நாராக இருப்பது ஃபைப்ரோயின், அதைச் சுற்றிப் பசையாக இருப்பது செரிசின். கூட்டின் எடையில் ஏறக்குறையக் கால்வாசி இந்தப் பசைதான். சோடாவில் நன்றாக அவித்தால் அது முழுக்கக் கரைந்து தண்ணீரோடு போய்விடும். பளபளப்பு வரும், மென்மை வரும், ஆனால் நாரை நார் பிடித்துக்கொள்ள ஒன்றும் மிச்சமிராது. அதனால் சோடா போடாமல், பிரிக்கிற அளவுக்கு மட்டும் வெந்நீரில் ஊறவைத்து, பரப்பி, ஈரத்தோடே மேலே ஒரு பருத்தித் துணி போட்டு அயன் பண்ணுங்கள். சூட்டில் இளகிய பசை காயும்போது தானே ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே அவித்து வைத்த நாரையும் வீசிவிட வேண்டாம், இரண்டு நைலோன் வலைகளுக்கு நடுவில் பரப்பி, சோப்புத் தண்ணீரில் நனைத்து, அக்ரிலிக் பசையைத் தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் பூசிக் காயவைத்தால் அதுவும் தாளாகிவிடும். வெளுக்க வேண்டுமென்று குளோரின் பிளீச் பக்கம் மட்டும் போகாதீர்கள், அது பட்டையே அரித்துவிடும். சாயம் போட நினைத்தால், மஞ்சள் கிழங்கு அழகுதான், ஆனால் வெளிச்சம் பட்டால் வெளிறிவிடும். நுணா வேரைப் படிகாரத்தோடு சேர்த்துப் பாருங்கள், சிவப்பு வரும்.

சரி, வீட்டார் விஷயம். நேரி ஒக்ஸ்மன் என்பவர் முதலில் மருத்துவம் படிக்கப் போய், பிறகு கட்டடக்கலைக்கு மாறியவர். 2013இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் அவருடைய குழு, நூல் கட்டிய சட்டங்களின் மேல் 6,500 பட்டுப்புழுக்களை விட்டு ஒரு மண்டபத்தையே நெய்ய வைத்தது. பற்றிக்கொள்ள உயரமான எதுவும் இல்லாவிட்டால் புழு கூடு கட்டாமல் தட்டையாக நூற்றுக்கொண்டே போகும் என்பதை ஆய்வுகூடத்தில் பொறுமையாகப் பார்த்திராவிட்டால் அந்த மண்டபம் ஏது! உங்கள் படிப்பும் இந்த வேலைக்குள்ளேதான் இருக்கிறது, அதை வீணென்று நீங்களும் நம்பிவிடாதீர்கள்.

ஒரு கொப்பி எடுங்கள். சோடாவில் எவ்வளவு நேரம் அவித்தால் பசை எவ்வளவு போகிறது என்று நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். சோடாவில் 5 நிமிடம், 10 நிமிடம், 20 நிமிடம் அவித்த நாரில் ஒவ்வொரு சின்னத் துண்டு செய்து, பக்கத்திலேயே நேரத்தையும் எழுதி ஒட்டுங்கள். வீட்டாருக்குக் காட்ட வேண்டியதும் அந்தக் கொப்பியைத்தான்.