யாரும் பின்தொடராத குழுவோடு நடங்கள்

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் பெண்கள் கோல்ஃப் போட்டியை ஒருநாள் முழுக்கப் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து, பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் தானும் போகவேண்டும் என்கிறாள். வீட்டுக்காரரோ, “அது பணக்காரங்க விளையாட்டு. நம்ம பக்கம் குடிக்கவே தண்ணி இல்ல, அங்க புல்லுக்கு ஊத்துறாங்க” என்கிறார். விதிகூடத் தெரியாத நாங்கள் அங்கே போய் எதைப் பார்ப்பது? உள்ளே விடுவார்களா?

ம., காவேரிப்பட்டணம்

அன்புள்ள ம.,

நான் போனது நம் நாட்டுத் தொழில்முறை ஆட்டக்காரிகள் ஆடும் மூன்று நாள் போட்டி. முதல் நாளே மைதானத்துக்கு ஃபோன் போட்டுக் கேட்டுக்கொண்டேன். வாசலில் பெயர் எழுதிவிட்டு உள்ளே போனேன், கட்டணம் இல்லை. எல்லாப் போட்டியிலும் இப்படித்தான் என்று நினைக்காமல் நீங்களும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

விதி கொஞ்சம் தெரிந்தால் போதும். மொத்தம் 18 குழிகள். பந்தை மட்டையால் இத்தனை அடி அடித்து ஒவ்வொரு குழிக்குள்ளும் தள்ளவேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதற்குப் பெயர் பார். பெரும்பாலான மைதானங்களில் மொத்தக் கணக்கு 72 அல்லது அதையொட்டி வரும். எல்லா நாளும் சேர்த்துக் குறைந்த அடிகளில் முடிப்பவர் ஜெயிக்கிறார்.

நம் பக்கத்து எருது விடும் விழாவில் நாம் நின்ற இடத்திலேயே நிற்போம், காளை கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடிப்போய்விடும். கோல்ஃபில் ஆட்டக்காரியோடு நாமும் நடக்கலாம். ஒரு சுற்று முடிய நாலரை, ஐந்து மணி நேரம் ஆகும், எட்டு கிலோமீட்டருக்குக் குறையாது. அவர் மட்டையை ஓங்கும்போது நாம் அசையக்கூடாது, பேசக்கூடாது. குழி இருக்கும் வழவழப்பான புல்தரையை கிரீன் என்பார்கள். அங்கே ஒருவர் முடித்ததும் நகர்ந்துவிடாதீர்கள். குழுவில் கடைசி ஆள் பந்தைக் குழிக்குள் தள்ளும்வரை நிற்பதுதான் மரியாதை.

காலையில் நானும் முன்னணியில் இருந்தவர்களின் பின்னால்தான் போனேன். ஒரு மணி நேரம் கழித்து அவர்களை விட்டுவிட்டு, யாரும் பின்தொடராத ஒரு குழுவோடு சேர்ந்துகொண்டேன். மூன்று பெண்கள், பை தூக்கும் மூன்று கேடிகள், யாரோ ஒருத்தியின் அம்மா, நான். அவ்வளவுதான். மூவருமே பட்டியலில் கீழே இருந்தார்கள். அவர்களில் ஒரு பெண்ணின் பந்து மரத்தடிப் புல்லில் போய் விழுந்தது. அவள் பக்கத்தில் கிடந்த சருகை எடுத்தாள், பந்து லேசாக அசைந்தது. எனக்கு அது தெரியவே இல்லை, கூட ஆடியவர்களும் தூரத்தில் இருந்தார்கள். அவளே கையைத் தூக்கிக் கூப்பிட்டு, “அசைஞ்சிடுச்சு, எனக்கு ஒரு அடி கூட்டிக்கோங்க” என்று சொல்லிவிட்டு, பந்தைப் பழைய இடத்தில் வைத்து ஆடினாள். கோல்ஃபில் ஒவ்வொருவர் பின்னாலும் நடுவர் நடப்பதில்லை. தண்டனையைத் தானே சொல்லவேண்டும். பரிசுப் பணத்துக்கு வாய்ப்பே மங்கிப்போன நேரத்தில் அவள் அதைச் செய்தாள். அம்மா ஒன்றும் பேசவில்லை, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கேடியிடம் நீட்டினார். நான் அன்று முழுக்கப் பார்த்ததில் பெரிய ஆட்டம் அதுதான்.

உங்கள் மகளுக்கு அதிதி அசோக்கைப் பற்றிச் சொல்லுங்கள். நமக்குப் பக்கத்து ஊரான பெங்களூரில் 5 வயதில் மட்டை பிடித்தவர். 2016இல் பெண்களுக்கான இந்திய ஓப்பன் போட்டியை ஜெயித்தபோது அவருக்கு 18 வயது. டோக்கியோ ஒலிம்பிக்கில் பை தூக்கியது அவருடைய அம்மா. 2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை விடியற்காலை, கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாத வீடுகளிலும் டிவி ஓடியது. வெண்கலம் வென்றவரைவிட ஒரே ஒரு அடி கூடுதலாகப் போய் நான்காவதாக வந்தார். அவர் தொலைதூரம் அடிப்பவர் இல்லை. கிரீனில் பந்தை உருட்டுவதில்தான் அவருடைய கை. அதனால்தான் பார்த்துக் கற்றுக்கொள்ள அவருடைய ஆட்டம் நல்லது என்பேன்.

தண்ணீரைப் பற்றி வீட்டுக்காரர் கேட்டதைத் தள்ளிவிடாதீர்கள். ஃபுளோரைடு தண்ணீரில் பல் கறைபட்ட பிள்ளைகள் இருக்கும் மாவட்டங்களில் வாழ்கிறோம், நமக்கு அந்தக் கேள்வி வராமல் இருக்காது. சுத்திகரித்த கழிவுநீரைப் பாய்ச்சும் மைதானங்கள் பல இருக்கின்றன, எல்லாமே அப்படி இல்லை. அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், மைதானக்காரர்களிடம் அவரே நேரில் கேட்கட்டும்.

பணக்காரர் விளையாட்டு என்பதும் உண்மைதான். மட்டையும் பயிற்சியும் நம்மால் வாங்க முடியாத விலை. பார்ப்பதற்குப் பேருந்துக் காசு போதும்.

விடிவதற்குள் கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் முதல் குழுக்கள் ஆடும்போதே போய்விடலாம். தொப்பி, தண்ணீர், புளிசாதம், பழகிய செருப்பு. புதுச் செருப்பு வேண்டவே வேண்டாம். அப்புறம், உங்கள் மகள் யார் பின்னால் நடந்தாள் என்று எழுதுங்கள்.