நீலகிரி மலை ரயில் மாதிரி: மேல் தளத்துக்கு எப்படி ஏறுவது?

கேள்வி: நீலகிரி மலை ரயிலை 1:87 அளவில், 12 மி.மீ. பாதையில் (தண்டவாளங்களுக்கு இடையே 12 மி.மீ.), இரண்டு தள லேஅவுட்டாக (மாதிரி ரயில் அமைப்பாக) அமைக்க விரும்புகிறேன். அறை 12 அடி நீளம், 11 அடி அகலம். நீளச் சுவர் ஒன்றில் கதவு. மேல் தளத்துக்கு ஏறும் சுருள் பாதைக்கு எத்தனை சுற்று தேவை? எல்லா நிலையங்களும் அடங்குமா?

பதில்: சுருள் பாதையே வேண்டாம். ஏற வேண்டிய உயரம் 36 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 45 செ.மீ. ஆரத்தில் 3 சதவீத ஏற்றம் கொடுத்தால் ஒரு சுற்றுக்கு எட்டரை செ.மீ. கிடைக்கும். அப்படியானால் நான்கு சுற்றுக்கு மேல், ஏறக்குறைய 12 மீட்டர் தண்டவாளம். அத்தனையும் ஒரு மூலையை அடைத்துக்கொண்டு கண்ணில் படாமல் கிடக்கும். சமவெளிப் பாதையென்றால் பொறுத்துக்கொள்ளலாம். மலையேறுவதற்கென்றே பிறந்த ரயிலின் ஏற்றத்தை மறைத்துவைக்க எனக்கு மனம் வரவில்லை.

கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சட்டப் பகுதி, அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல் வைத்த சட்டத்தில் என்ஜினின் பல்சக்கரம் கோத்து ஏறும் பகுதி. அங்கே உச்ச ஏற்றம் 12-க்கு 1 (12 செ.மீ. போனால் 1 செ.மீ. உயரும்). அதையே எடுத்துக்கொள்ளுங்கள். 36 செ.மீ. ஏற 432 செ.மீ. போதும், அடியிலும் உச்சியிலும் ஏற்றம் படிப்படியாக மாற 30 செ.மீ. வீதம் சேர்த்தால் 5 மீட்டர். இது இரண்டு சுவர்களில், முழுவதும் கண்ணெதிரே அடங்கிவிடும். மாதிரி ரயில் தயாரிக்கும் பெமோ நிறுவனத்தின் பல்சட்டம் 12 மி.மீ. பாதைக்குப் பொருந்தும், என்ஜினிலும் பல்சக்கரம் இருக்க வேண்டும். உண்மை ரயில் இங்கே மணிக்கு 13 கி.மீ. வேகத்தில்தான் ஏறுகிறது. மாதிரியில் அது நொடிக்கு 4 செ.மீ. அந்த வேகத்தில் ஓட்டினால் இந்த 5 மீட்டரைக் கடக்க இரண்டு நிமிடம் ஆகும்.

பல்சட்டம் தொடங்கும் இடம் சமமாகவும் நேராகவும் இருக்கட்டும். பல்லும் சட்டமும் கோத்துக்கொண்ட பிறகே ஏற்றம் தொடங்க வேண்டும். என்ஜின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளும் என்பதால், எடை குறைந்த பெட்டி வளைவில் தடம்புரளும். பெட்டிகளின் தரைக்கடியில் எடை சேருங்கள். எதிரெதிர் வளைவுகளுக்கு நடுவே ஒரு பெட்டி நீளமாவது நேர்பாதை விடுங்கள்.

இனி குன்னூர். அங்கே ரயில் சற்றுப் பின்னோக்கி வந்துதான் உதகைக்கு ஏறுகிறது. இந்தத் திருப்பம் உங்கள் அறைக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தைத் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் முதல் குறுகிய சுவரில் வையுங்கள். கதவில்லாத நீளச் சுவர் வழியே ஏறி, எதிர்க் குறுகிய சுவரின் கோடியில், 126 செ.மீ. உயரத்தில் குன்னூர். அங்கிருந்து பாதை 25-க்கு 1 ஏற்றத்தில் வந்த வழியே திரும்பட்டும். 5 மீட்டரில் 20 செ.மீ. ஏறி, மேட்டுப்பாளையத்துக்கு நேர்மேலே உதகை வந்துவிடும். குன்னூரை ஒட்டி இரு பாதைகளும் நெருங்கியிருக்கும். மேல்பாதையைச் சுவரோரமாகவும் கீழ்ப்பாதையை முன்னாலும் ஒரே மலைச்சரிவில் போடுங்கள். 3 மீட்டர் தள்ளிப்போனால் இடைவெளி 37 செ.மீ. ஆகிவிடும், தனித் தளம் அங்கிருந்து தொடங்கினால் போதும்.

எல்லா நிலையங்களும் அடங்காது. 46 கி.மீ. பாதை இந்த அளவில் அரை கிலோமீட்டரைத் தாண்டும். மேட்டுப்பாளையம், கல்லாறு, ஹில்குரோவ், குன்னூர், கேத்தி, உதகை போதும். ஹில்குரோவ் தண்ணீர் பிடிக்கும் இடமாக மட்டும் இருக்கட்டும். அங்கே சமதளம் கொடுத்தால் ஏற்றத்தின் நீளம் கூடிவிடும். அறை மூலைகளை மறைக்கக் குகைகள் உதவும். உண்மைப் பாதையிலேயே 16 இருக்கின்றன.

பிளைவுட்டை அறுக்கும் முன், ஒரு மீட்டர் பலகையின் ஒரு முனையை 8.3 செ.மீ. உயர்த்தி, பல்சட்டம் பதித்து, முழு ரயிலையும் தள்ளவிட்டுப் பாருங்கள். இறக்கத்திலும் ஓட்டிப் பாருங்கள்.